நன்னன் நாடும் புதூர் நாடும்

நம் இலக்கிய வட்டம் பத்தாண்டுகளை நிறைவு செய்து மலர் வெளியிடும் இவ்வேளையில், வரலாற்றுக் கட்டுரை ஒன்று வேண்டுமென்று நண்பர்கள் கேட்டனர். மலைபடுகடாம் பற்றி எழுதுவதே முறை என்று முதலில் எண்ணினேன். பத்துப்பாட்டின் இறுதிப் பாட்டாகிய அதன் தலைவன் நன்னன் சேய் நன்னன். அவன் தலைநகரான செங்கண்மா இன்றைய செங்கம். நவிரமலை நம் பருவதமலை. சேயாறு நம் செய்யாறு. 583 அடிகளில் நம் மாவட்டத்தையே பாடிய ஒரு சங்கப்பாட்டு இருக்க, வேறு பொருள் எதற்கு? ஆனால் அப்பாட்டைப் பாடம் சொல்லும்பொழுது என் மாணவி ஒருத்தி எழுப்பிய கேள்வி கட்டுரையை வேறு வழிக்குத் திருப்பிவிட்டது.

அவள் சவ்வாது மலையிலிருந்து விடுதியில் தங்கிப் படிக்க வந்தவள். கூத்தர் மலைவழியே செல்வதையும், நன்னனிடம் போகிறோம் என்று சொன்ன அளவில் மலைவாழ்நர் அவர்களைச் சுற்றத்தார்போல் ஏற்றுத் தினைச்சோறும் ஊனும் அளிப்பதையும் நான் சற்று உருக்கமாகவே விளக்கிக்கொண்டிருந்தேன். "வழி சொல்ற கூத்தர் பேசுறாரு, ராசாவப் பத்திப் பேசுறாங்க. சோறு போட்டவங்க என்னம்மா பேசுனாங்க?" என்று கேட்டாள். அவர்கள் குரலும் பாட்டில் உண்டே என்றேன். மலையில் எழும் ஓசைகளைப் புலவர் பெருங்கௌசிகனார் அடுக்கிச் சொல்லும் பகுதியை எடுத்துக் காட்டினேன். அருவி ஒலியும் யானை முழக்கமும் விரவிய அப்பட்டியலில், புலி பாய்ந்த கணவனின் புண் ஆறும் பொருட்டுப் பாடும் குறமகளிரின் பாட்டும் ஒன்று. காட்டிக்கொண்டிருக்கும்போதே என் விடையின் வறுமை எனக்குப் புலப்பட்டது. அவர்கள் குரல் மலையின் ஓசைகளுள் ஓர் ஓசையாக எண்ணப்பட்டிருக்கிறது. விருந்துக்கு அழைக்கும் சொல் அவர்களுக்கு உண்டு. வழக்குரைக்கும் சொல் இல்லை.

இது பெருங்கௌசிகனாரின் குறையன்று. ஆற்றுப்படை என்னும் துறையின் நோக்கம் வள்ளலைப் பாடுவது. குறை, அத்துறையின் கண்ணோட்டத்தையே வரலாற்று நோக்காகக் கொண்ட நம்மிடம் உள்ளது. என் முனைவர் பட்ட ஆய்வேட்டில் ஓர் அடிக்குறிப்பு உண்டு. சவ்வாது மலையில் இன்று வாழும் மலையாளிப் பழங்குடியினர் சங்ககாலக் குறிஞ்சி மக்களின் எச்சம் ஆவர் என்பது அது. எழுதிய நாளில் அவ்வரி எனக்குப் பெருமையாகவே இருந்தது. போளூரிலிருந்து சமுனாமரத்தூருக்குப் பேருந்து உண்டு என்பது மட்டுமே அம்மலையைப் பற்றி அன்று எனக்குத் தெரிந்த நேரடிச் செய்தி.

ஈண்டு மலையாளி என்னும் பெயர் பற்றிச் சிறிது சொல்லல் வேண்டும். அது மலையாள மொழி பேசுவோரைக் குறிப்பதன்று. சேர்வராயன், கொல்லி, பச்சை, கல்வராயன், சித்தேரி, சவ்வாது ஆகிய மலைகளில் தமிழையே தாய்மொழியாகக் கொண்டு வாழும் மக்களின் பெயர் அது. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுப் பழங்குடியினர் ஏறத்தாழ 7.95 இலட்சம், அவர்களுள் எண்ணிக்கையில் முதலிடம் பெறுவோர் இவர்களே. சாமையும் தேனும் புளியும் பலாவும் இம்மலையிலிருந்து நம் சந்தைக்கு வருகின்றன. அவற்றை வாங்கும் நம்மில் பலருக்கு விற்பவரின் குடிப்பெயர் இன்றும் குழப்பமாகவே உள்ளது.

அவர்கள் தம்மைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் கதையோ என் அடிக்குறிப்போடு சிறிதும் ஒத்துவராதது. வடஆர்க்காடு மாவட்டக் கையேட்டிலும், 1909இல் எட்கர் தர்ஸ்டன் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் என்னும் தொகுதியிலும் அக்கதை பதிவாகியுள்ளது. கங்குந்தி வேடர்கள் காஞ்சிபுரத்துக் காரைக்காட்டு வேளாளரிடம் பெண் கேட்டார்கள், இகழ்ந்து மறுக்கப்பட்டார்கள், சினங்கொண்டு ஏழு கன்னியரைக் கவர்ந்து சென்றார்கள். மீட்கப் புறப்பட்ட ஆடவர் எழுவர், ஏழு நாய்களை உடன் அழைத்துச் சென்றனர். நாய்கள் மட்டும் திரும்பி வந்தால் நாங்கள் இறந்தோம் என்று கொண்டு கருமம் செய்துவிடுங்கள் என மனைவியரிடம் சொல்லிச் சென்றனர். பாலாற்றில் வெள்ளம். பாதி ஆறு நீந்திய நாய்கள் திரும்பிவிட்டன. ஆடவர் எழுவரும் கரையேறி, வேடரைக் கொன்று, ஊர் மீண்டபோது அவர்களுக்கு ஈமக்கடன் முடிந்திருந்தது, மனைவியர் கைம்பெண்களாகியிருந்தனர். உயிரோடு வந்தவர்களுக்கு ஊரில் இடமில்லை. வேடர் பெண்களை மணந்து அவர்கள் சவ்வாது மலை ஏறினர். அவர்கள் வழிவந்தோரே மலையாளிகள்.

இக்கதையை வரலாற்று ஆவணமாகக் கொள்ள வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பெருங்குடியோடு தம்மை இணைத்துக்கொள்ளும் தோற்றக் கதைகள் இந்திய நாடெங்கும் உள்ளன. ஆயினும் அதன் உட்கிடக்கை நோக்கத்தக்கது. தாங்கள் மலையில் தோன்றிய ஆதிகுடி என்று அவர்கள் சொல்லவில்லை. சமவெளியிலிருந்து வந்தோம், சமவெளி எங்களை இறந்தவர்களாகக் கணக்கில் எழுதிவிட்டது, ஆகவே மலைக்கு வந்தோம் என்கிறார்கள். நம் ஏடுகள் அவர்களைப் பழமையின் எச்சம் என்கின்றன. அவர்கள் கதையோ தாங்கள் உயிருடன் திரும்பி வந்ததை ஊர் ஏற்கவில்லை என்கிறது.

அம்மலையில் நாடு என்னும் சொல்லுக்கு ஒரு தனிப்பொருள் உண்டு. பல ஊர்கள் சேர்ந்த உறவு, வழிபாடு, வழக்குத் தீர்ப்பு ஆகியவற்றின் எல்லை நாடு எனப்படும். புதூர் நாடு, நெல்லிவாசல் நாடு, புங்கம்பட்டு நாடு என்னும் பெயர்கள் இன்றும் வழங்குகின்றன. சோழர் கல்வெட்டுகளில் நாட்டார் பற்றிப் படித்துவிட்டுத் தேர்வு எழுதும் நம் மாணவர்கள், அச்சொல் பேருந்தின் முகப்புப் பலகையில் உயிரோடு இருப்பதைக் கவனிப்பதில்லை.

நாடு என்ற சொல்லுக்காக நாம் பட்ட பாடு சிறிதன்று. சென்னை மாநிலத்திற்குத் தமிழ்நாடு எனப் பெயரிட வேண்டுமென்று உண்ணாநோன்பிருந்த சங்கரலிங்கனார் 1956 அக்டோபரில் உயிர் நீத்தார். 1967 சூலையில் சட்டமன்றத் தீர்மானமும் 1969 சனவரி 14இல் பெயர் மாற்றமும் நிகழ்ந்தன. வடக்கெல்லைக்காக ம.பொ.சி. நடத்திய போராட்டமும், பின்னர்ப் படாஸ்கர் பரிந்துரையின்படி 1960 ஏப்ரல் முதல் நாள் திருத்தணி நம்மோடு இணைந்ததும் இவ்வட்டத்தின் மூத்த கவிஞர்கள் மேடைதோறும் சொல்லக் கேட்டவை. ஊரை அலகாகக் கொண்டு, அங்கு எம்மொழி பேசுவோர் மிகுதி என்று எண்ணி எல்லை வகுத்தனர். மொழியை அளவுகோலாகக் கொண்ட அவ்வியக்கம் எங்களைப் போன்ற பெண்களும் தமிழைத் தொழிலாகக் கொண்டு கல்லூரியில் நிற்க வழி செய்தது. அதனை மறந்து பேசுபவள் அல்லேன்.

ஆனால் மொழி என்னும் அக்கோலால் மலையை அளக்க இயலவில்லை. மலையாளி பேசுவது தமிழ். ஆகவே அவன் தமிழன். ஆகவே அவனுக்கெனத் தனியே ஒரு கோரிக்கை இருத்தல் இயலாது. இம்முடிவு எங்கும் வெளிப்படையாக எழுதப்பட்டதில்லை; எழுத வேண்டிய தேவையே நேரவில்லை. இதற்குத் துணைநின்றது நம் புலமையுலகம். நானிலத்தைப் படிமலர்ச்சி வரிசையாக்கி, குறிஞ்சியில் பிறந்து முல்லையில் வளர்ந்து மருதத்தில் முதிர்ந்தான் தமிழன் என்று எழுதினோம். அவ்வரிசையில் மலையில் இருப்பவன் நம்முடைய குழந்தைப் பருவம் ஆகிறான். குழந்தையைக் கொஞ்சலாம், பாடலாம். குழந்தையிடம் நிலப்பத்திரம் கேட்பவர் யார்?

தமிழரே இம்மண்ணின் மூத்தகுடி என்னும் முழக்கமும் இவ்விடத்தில் இடராகிறது. 2007இல் ஐக்கிய நாடுகள் அவை தொல்குடி மக்களின் உரிமைப் பிரகடனத்தை நிறைவேற்றியபோது இந்திய அரசு ஆதரித்து வாக்களித்தது. ஆயினும் விடுதலைக்குப் பின் இந்நாட்டு மக்கள் அனைவருமே தொல்குடியினர்தாம் என்பது அதன் நிலைப்பாடு. எல்லாரும் தொல்குடி எனில் யாருக்கும் தனியுரிமை இல்லை. தில்லி சொல்லும் இவ்வாதத்தைத் தமிழ்த் தேசிய மேடை, தமிழர் என்னும் சொல்லைப் பெய்து அப்படியே சொல்வதைக் கேட்டிருக்கிறேன். மற்றெதிலும் தில்லியோடு உடன்படாதவர்கள் இதில் உடன்படுவது வியப்பே.

சட்ட நிலையைச் சுருக்கமாகச் சொல்லி மேற்செல்கிறேன். அரசமைப்பின் ஐந்தாம் அட்டவணையின்கீழ்ப் பழங்குடிப் பகுதி எனத் தமிழ்நாட்டில் ஒரு சிற்றூரும் அறிவிக்கப்படவில்லை. ஆகவே கிராம அவைக்கு மலைவளத்தின்மீது அதிகாரம் தரும் 1996ஆம் ஆண்டுச் சட்டம் இங்கு வரவில்லை. 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் வந்தது. 2008இல் சென்னை உயர்நீதிமன்றத்தின் இடைக்கால ஆணை பட்டா வழங்குவதைக் கட்டிப்போட்டது. 2016இல் உச்சநீதிமன்றத்தில்தான் அக்கட்டு அவிழ்ந்தது. 1976ஆம் ஆண்டுத் திருத்தப் பட்டியல் மலையாளியைத் தருமபுரி, வடஆர்க்காடு, புதுக்கோட்டை, சேலம், தென்ஆர்க்காடு, திருச்சிராப்பள்ளி ஆகிய மாவட்டங்களில் மட்டுமே பழங்குடி என்றது. அன்று கோவை மாவட்டத்தில் இருந்த பர்கூர் மலையில் வாழ்ந்த அதே மக்கள் பட்டியலுக்கு வெளியே நின்றனர். மாவட்ட எல்லைக்கல் ஒருவனுடைய குடியையே மாற்றிவிடும் விந்தை இது. மாநில அரசு நன்மை எதுவும் செய்யவில்லை என்பதன்று. 1990இல் பழங்குடியினர்க்கெனத் தனியே ஒரு விழுக்காடு இடஒதுக்கீடு பிரித்தளித்தது அதுவே. என் மாணவி என் வகுப்பில் அமர்ந்ததற்கு அந்த ஒரு விழுக்காடும் காரணம். நிலத்தைப் பற்றிய கேள்விக்கே விடை வரவில்லை.

சவ்வாது மலையோ 1989இல் வடஆர்க்காடு பிரிந்தபோது இரண்டாகவும், 2019இல் திருப்பத்தூர் மாவட்டம் பிறந்தபோது மூன்றாகவும் கூறுபட்டது. திருத்தணிக்காகக் கொதித்தெழுந்த மரபில் வந்த நாம், நம் கண்ணெதிரே ஒரு மலையின் நாடுகள் மூன்று ஆட்சியர் அலுவலகங்களுக்குப் பிரிந்து போனதைச் செய்தித்தாளில் படித்துவிட்டு மடித்து வைத்தோம். நானும் அப்படித்தான்.

இனி இரண்டு நிகழ்ச்சிகளை அடுத்தடுத்து வைத்து நோக்க வேண்டும்.

1992 சூன் 20ஆம் நாள், தருமபுரி மாவட்டம் சித்தேரி மலையடிவாரத்து வாச்சாத்தியில், சந்தனக்கட்டை தேடுவதாகச் சொல்லி வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஊழியர்கள் புகுந்தனர். ஊர் சூறையாடப்பட்டது, 18 பெண்கள் வன்கொடுமைக்கு உள்ளாயினர். அம்மக்களும் மலையாளிகளே. தமிழ்நாடு மலைவாழ் மக்கள் சங்கமும் இடதுசாரி இயக்கத்தாரும் வழக்கை விடாது நடத்தினர். 2011இல் தருமபுரி நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் உயிரோடிருந்த 215 பேரையும் தண்டித்தது; 2023 செப்டம்பரில் உயர்நீதிமன்றம் அத்தீர்ப்பை உறுதி செய்தது. பத்தொன்பது ஆண்டுகள் அப்பெண்கள் நீதிமன்றப் படியேறிய காலத்தில், தமிழ்த்தேசியம் பேசிய பெருமேடைகளில் வாச்சாத்தி ஒரு தமிழர் சிக்கலாகப் பேசப்பட்டதாக என் நினைவில் இல்லை. தாக்கியவரும் தமிழர், தாக்கப்பட்டவரும் தமிழர் என்றால் அவ்வியக்கத்தின் மொழியில் அதற்குச் சொல் கிடைப்பதில்லை போலும். செய்தியில் அவர்கள் மலைசாதியினர் என்றே குறிக்கப்பட்டனர்.

2015 ஏப்ரல் 7ஆம் நாள், ஆந்திரத்தின் சந்திரகிரிக்கு அருகே சேசாசலக் காட்டில் மரம் வெட்டச் சென்ற 20 பேர் அம்மாநிலச் சிறப்புப் படையால் சுட்டுக் கொல்லப்பட்டனர். தற்காப்புக்காகச் சுட்டோம் என்றது காவல்துறை. பிடித்துச் சென்று கொன்றனர் என்றனர் மனித உரிமை அமைப்பினர். இறந்தோரில் பெரும்பகுதியினர் நம் திருவண்ணாமலை மாவட்டத்தாரும் தருமபுரி மாவட்டத்தாரும். அவர்களுள் பலர் மலையாளிகள். அன்று தமிழ்நாடு கொதித்தது. ஆந்திரப் பேருந்துகள் தாக்கப்பட்டன. சுவரொட்டிகளில் இருபது தமிழர் படுகொலை என்று பெரிய எழுத்துகள். நம் ஊர்க் கவிஞர்களும் பாடினார்கள். நம் வட்டத்தின் கூட்டத்திலும் இரங்கற்பாக்கள் அரங்கேறின. அவை பொய்க்கண்ணீர் அல்ல. சேசாசலம் என்பது வேறெதுவுமன்று, தொல்காப்பியப் பாயிரத்தில் பனம்பாரனார் தமிழ்கூறு நல்லுலகின் வடவெல்லையாக வைத்த வேங்கடமே அது. வடவேங்கடத்தில் தமிழன் குருதி என்று பாடுவதற்கு அதைவிட ஏதுவான இடம் வேறில்லை.

ஆனால் அவர்கள் ஏன் அங்குச் சென்றனர் என்னும் கேள்வி அப்பாக்களில் இல்லை. தம் மலையின் காடு காப்புக்காடாகி, சந்தனம் அரசின் உடைமையாகி, அதைக் கடத்துவோருக்குக் கூலியாளாகி, சந்தனம் தீர்ந்தபின் செம்மரம் வெட்டும் கூலிக்கு இருநூறு கிலோமீட்டர் தொலைவிலுள்ள அயல்காட்டுக்குள் நுழைந்த வரலாறு அது. முகவர்களும் பெருவணிகரும் நம் சமவெளித் தமிழர்களாகவும் இருந்தனர் என்பதைச் சுவரொட்டி சொல்லாது. வாச்சாத்தியில் மலைசாதியாக இருந்தவர்கள் சேசாசலத்தில் இறந்த பிறகு தமிழர் ஆயினர். இடையில் நின்ற வேறுபாடு துப்பாக்கியை ஏந்தியவன் பேசிய மொழி ஒன்றே. இதனை எழுதும்போது நானும் அன்று கண்கலங்கி ஓர் இரங்கலுரை படித்தேன் என்பதை மறைக்கவில்லை. அவ்வுரையில் மலையாளி என்னும் சொல் ஓரிடத்திலும் இல்லை.

கதையில் வரும் கங்குந்தியும் இன்று எல்லைக்கு அப்பால், சித்தூர் மாவட்டக் குப்பத்தின் அருகே உள்ளது. மீட்கப் போனவர்கள் திரும்பி வந்தும் இறந்தவர்களாக எண்ணப்பட்டனர் அன்று. பின்னவர்கள் உண்மையிலேயே திரும்பவில்லை.

பழங்குடியின் தனிவழக்கை ஒப்புக்கொண்டால் இனம் பிளவுபடும் என்னும் அச்சம் நண்பர்கள் சிலரிடம் உண்டு. அசாமின் வரலாறு எதிர்மாறாகவே காட்டுகிறது. 1960இல் அசாமியம் மட்டுமே மாநில ஆட்சிமொழி என்று சட்டம் வந்தபோதுதான் மலைமக்கள் தனிமாநிலக் கோரிக்கையைத் தீவிரமாக்கினர். 1972இல் மேகாலயம் பிரிந்தது. கனடாவில் 1995 அக்டோபர் 30இல் கியூபெக் மாநிலம் தனிநாடு குறித்து வாக்கெடுப்பு நடத்தியது. அதற்கு ஆறு நாள் முன்னரே அம்மாநில வடபகுதிக் கிரீ மக்கள் தாமே ஒரு வாக்கெடுப்பு நடத்தினர். எங்கள் நிலத்தோடு எங்களைக் கொண்டுபோக உங்களுக்கு உரிமையில்லை என்று 96 விழுக்காட்டினர் வாக்களித்தனர். நம் மலையாளிகள் தமிழ்நாட்டைவிட்டுப் பிரிய ஒருநாளும் கேட்டதில்லை. அவர்கள் கேட்பது உழுத புனத்துக்குப் பட்டா, காட்டுக்குள் செல்லும் வழி, சாதிச்சான்றிதழ் வாங்க அலையாத ஒரு வாழ்வு. ஈழத்தின் கிழக்குக் கரையில் தமிழ் பேசும் வேடர்களின் நிலையும் இத்தகையதே. மொழியால் தமிழர் என்னும் பெருந்தொகையில் கரைந்து, வேடர் என்னும் பெயரால் கேட்க வேண்டியதைக் கேட்க இயலாமல் உள்ளனர்.

ஆதிகுடி அல்லர், காஞ்சியிலிருந்து வந்தவர்கள் என்று அவர்களே சொல்லும்போது தனியுரிமை எங்ஙனம் என்று கேட்கலாம். இதற்கு விடைகாண நம் ஊரைவிட்டு வெளியே போக வேண்டியதில்லை. கார்த்திகைத் தீபத்தன்று அண்ணாமலை உச்சியில் கொப்பரை ஏற்றும் உரிமை பர்வதராசகுலத்தாருக்கு உரியது. அவர்கள் இம்மலையில் முதலில் பிறந்தவர்களா என்று எவரும் கேட்பதில்லை. தலைமுறை தலைமுறையாக மலையேறி அப்பணியைச் செய்கின்றனர். ஆகவே உரிமை அவர்களது. பணியாலும் வாழ்வாலும் பிணைந்த உரிமையைத் திருவிழாவில் மறுபேச்சின்றி ஏற்கும் நாம், நாற்பது கல் தொலைவில் காடுதிருத்திச் சாமை விதைத்தவனிடம் மட்டும் சங்ககாலத்துச் சான்று கேட்கிறோம். அச்சான்றையும் நாமே எழுதிக்கொடுத்து, எச்சம் என்று முத்திரையும் இடுகிறோம்.

மாணவி என் ஆய்வேட்டை நூலகத்தில் எடுத்துப் படித்திருக்கிறாள். ஒருநாள் துறை அறைக்கு வந்து, "எச்சம்னு போட்டிருக்கீங்களேம்மா" என்று மட்டும் சொன்னாள். கோபம் இல்லை, கேலியும் இல்லை. பெயரெச்சம், வினையெச்சம் என்று பத்துப் பதினைந்து ஆண்டுகளாகக் கரும்பலகையில் எழுதிவரும் எனக்கு, முற்றுப்பெறாதது என்னும் பொருளும் அச்சொல்லுக்கு உண்டு என்று சமாளிக்கத் தோன்றியது. சொல்லவில்லை.

ஆய்வேடு இப்பொழுது நூலாக அச்சேறுகிறது. அவ்வடிக்குறிப்பை அடித்துவிட்டு, அவ்விடத்தில் என்ன எழுதலாம் என்று அவளையே கேட்டேன். "மலையாளின்னே எழுதுங்க. நாட்டுப் பேரையும் போடுங்க" என்றாள். புதூர் நாட்டு மலையாளிகள் என்று எழுதி அனுப்பினேன். சென்ற வாரம் மெய்ப்பு வந்தது. மலையாளி என்னும் சொல்லைச் சுற்றி வட்டமிட்டு, கேரளத்தவரா எனத் தெளிவுபடுத்துக என்று ஓரத்தில் எழுதியிருக்கிறார் மெய்ப்புத் திருத்துநர்.